நம் ஊர்க்காரர் தால்சிம்

ஜப்பானில் ஒசாகா நகரத்துக் காப்காம் கம்பெனியார் 1991-ஆம் வருஷம் வெளியிட்ட ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’ என்னும் வீடியோ கேமைச் சிறு பிராயத்தில் ஆடியிருக்கும் அன்பர்கள், அதில் ஆடுகிறவர் தேர்ந்தெடுத்துக்கொள்வதற்காக நிறுத்தப்பட்டிருந்த எட்டு மல்லர்களுக்கு நடுவே, மொட்டைத் தலையும் ஒட்டிய வயிறும் கழுத்தில் மண்டையோட்டு மாலையுமாகக் காட்சியளித்த இந்திய யோகி ஒருவரை மறந்திருக்க மாட்டார்கள். அவர் பெயர் தால்சிம். கையை நீட்டினால் அது மேடையின் மறுகோடிவரை நீண்டுகொண்டே போகும். வாயைத் திறந்தால் அக்கினி பாயும். அவருடைய சண்டை நடக்கும் அரண்மனை மண்டபத்தில் இரு பக்கமும் யானைகள் அணிவகுத்து நின்று அவ்வப்போது பிளிறும். இத்தனை அலங்காரங்களோடும் சிருஷ்டிக்கப்பட்ட அந்த மனிதருக்கு ஜாதகக் குறிப்பும் உண்டு: ஜனன தேதி 1952 நவம்பர் 22, பிறப்பிடம் இந்தியா, கேரளம்.

இந்தத் தேதியில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1952-இல் கேரளம் என்ற பெயரில் ராஜ்யம் எதுவும் கிடையாது. திருவனந்தபுரத்தைத் தலைநகராகக் கொண்ட திருவிதாங்கூர்-கொச்சி ராஜ்யம் இருந்தது. பாலக்காடும் தலைச்சேரியும் அடங்கிய மலபார் ஜில்லா சென்னை ராஜ்யத்தில் இருந்தது. கேரளம் உதயமானது 1956 நவம்பர் முதல் தேதியில். ஆகவே, நம் தால்சிம் மலபாரில் அவதரித்திருந்தால் ஜனனத்தில் அவர் சென்னை ராஜ்யத்துப் பிரஜை. நாகர்கோவில் பக்கம் அவதரித்திருந்தாலோ, நாலு வயது நிரம்புவதற்கு முன்பே திருவிதாங்கூரை விட்டுச் சென்னை ராஜ்யத்துக்கு மாறியிருப்பார், வீட்டு வாசலைத் தாண்டாமலேயே. எங்களைப் போன்ற திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கு இந்த ரீதியில் பூர்வீகம் விசாரிப்பது ரத்தத்தில் ஊறிப்போன பழக்கம். வலியசாலையிலும் கரமனையிலும் சாலைக் கடைத்தெருவிலும் தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும், ‘சொந்த ஊர் எது?’ என்று யாராவது கேட்டால் ஒரே வாக்கியத்தில் பதில் சொல்ல எங்களால் ஆவதில்லை.

இந்தப் பூர்வீக ஆராய்ச்சி இப்போது எதற்கென்று கேட்பீர்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ மறுபடியும் சினிமாவாகிறது. லெஜண்டரி கம்பெனியாரும் காப்காமும் சேர்ந்து தயாரிக்க, கிட்டாவோ சாக்குராய் டைரக்ட் செய்ய, பாரமவுண்ட் நிறுவனத்தார் 2026 அக்டோபர் 16-ஆம் தேதி வெளியிடுவதாக அறிவித்திருக்கிறார்கள். அதில் தால்சிமாக வருகிறவர் வித்யுத் ஜம்வால். 2025 டிசம்பரில் முன்னோட்டமும் பாத்திரங்களின் விளம்பரப் படங்களும் வெளிவந்தபோது, டெக்னோபார்க்கில் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன் கைபேசியை நீட்டியபடி அடுக்களைவரை ஓடிவந்தான்.

“சித்தப்பா, ஹாலிவுட் படத்துல நம்ம ஊர் ஆளு வாராரு, பாருங்க!”

“யாருடா, மோகன்லாலா?”

“போங்க சித்தப்பா. தால்சிம்! ‘துப்பாக்கி’ வில்லன் இருக்காருல்லா, அவருதான் தால்சிம்.”

ஆம், 2012 தீபாவளிக்கு வந்த ‘துப்பாக்கி’யில் விஜய்க்கு எதிராக நின்ற அதே ஜம்வால்தான், பிற்பாடு ‘மதராஸி’யிலும் வந்தார். தாம் மூன்று வயதிலேயே, பாலக்காட்டில் தம் தாயார் நடத்திய ஆசிரமத்தில் களரிச் சண்டைப் பயிற்சியைத் தொடங்கியதாக அவர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கேரளத்து யோகியாக நடிப்பதற்குக் கேரளத்துக் களரியில் உடம்பை வளர்த்த ஒருவர் கிடைத்திருப்பதில் எனக்குள்ள சந்தோஷம் ஊர்ப்பற்றினால் மட்டும் ஏற்பட்டதன்று. வீடியோ கேம்களைப் படமாக எடுக்கிறவர்கள் முப்பது வருஷங்களாகப் பெரும்பாலும் எதைத் தவறவிட்டு வந்தார்களோ, அது இந்தத் தடவை அகப்படக்கூடும் என்ற சிறு நம்பிக்கை அந்தச் சந்தோஷத்தின் அடியில் இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முந்திய படத்தின் கதையைச் சொல்லவேண்டும்.

முந்திய ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ 1994 டிசம்பர் 23-ஆம் தேதி வெளிவந்தது. ‘டை ஹார்ட்’ படத்தின் திரைக்கதையில் பங்கு கொண்ட ஸ்டீவன் டி சௌசா எழுதி டைரக்ட் செய்தார். கதாநாயகர் ஜான் கிளாட் வான் டாம். வில்லன் பைசனாக நடித்தவர் ரவுல் ஜூலியா. தாய்லாந்திலும் ஆஸ்திரேலியாவிலும் படப்பிடிப்பு நடந்தது. அந்தப் படத்தில் தால்சிமாக வந்தவர் யார் என்பதைக் கேட்டால் இந்திய வாசகர்கள் ஒரு கணம் திகைத்துப்போவார்கள். ரிச்சர்ட் அட்டன்பரோவின் ‘காந்தி’யில் ஜவஹர்லால் நேருவாக நடித்த, பிற்பாடு 1988-இல் ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் தூர்தர்ஷன் மூலம் வீடுதோறும் நேருவாகவே வந்து நம் தேசத்தின் சரித்திரத்தை எடுத்துரைத்த ரோஷன் சேத் அவர்களேதான் தால்சிம்!

நேருவை யோகி தால்சிமாக்கிய ஹாலிவுட்டார், அவரை யோகியாகவும் விட்டுவைக்கவில்லை. படத்தில் அவர் வில்லனிடம் சிறைப்பட்ட ஒரு விஞ்ஞானி. வெள்ளை அங்கி தரித்துக்கொண்டு, ஒரு போர்வீரனை ராட்சசனாக மாற்றும் ஆராய்ச்சியை வேண்டா வெறுப்பாகச் செய்துகொண்டிருக்கிறார். கடைசியில் ரசாயனம் தெறித்துத் தலைமுடியெல்லாம் போய், கேமில் வருகிற மொட்டைத் தலைத் தோற்றம் ஒருவாறு சித்திக்கிறது. அத்துடன் அவர் பங்கு முடிந்துவிடுகிறது. கை நீளவில்லை, நெருப்பு வரவில்லை, சொல்லும்படியான சண்டையும் இல்லை. ஒரு சண்டை விளையாட்டின் முக்கியப் பாத்திரத்தைச் சண்டைக்காரராக அல்லாமல் திரையில் நிறுத்துவதற்கு அசாத்தியத் துணிச்சல் வேண்டும்.

ஆயினும் நியாயமாகப் பேசுவதானால், அந்த மாற்றத்தில் ஓரளவு கௌரவமும் இருந்தது என்றே சொல்வேன். தம் கிராமத்தில் கொள்ளைநோயால் மாண்ட குழந்தைகளின் மண்டையோடுகளைக் கோத்து அணிந்துகொண்டு, அக்கினியைக் கக்கியபடி, ஏழைக் கிராமத்தாருக்காகப் பணம் சேர்க்கச் சண்டையிடும் சாத்விகர் என்று ஜப்பானியர் கற்பித்த உருவம், நம்மைப் பற்றி அயலார் கொண்டிருந்த பிரமைகளையெல்லாம் ஒரே சட்டத்தில் அடைத்த சித்திரம். இந்த மாதிரிச் சித்திரங்களின் அனுபவம் ரோஷன் சேத்துக்குப் புதிதன்று. 1984-இல் வந்த ‘இந்தியானா ஜோன்ஸ்’ படத்தில், இந்தியர்கள் விருந்தில் குரங்கு மூளை தின்பதாகக் காட்டிய அந்த அரண்மனையின் பிரதம மந்திரி சத்தர் லால் அவர்தான். நம் அரசாங்கத்தின் அனுமதி கிட்டாமல், அந்தப் படத்தின் கிராமக் காட்சிகளை இலங்கையில் கண்டிப் பக்கம் எடுத்தார்கள். அந்த அரண்மனையிலிருந்து வந்த நடிகருக்கு மண்டையோட்டு மாலையைப் போடாமல் வெள்ளை அங்கியைப் போட்டார்களே, அதுவரை க்ஷேமம்.

படத்தில் இன்றும் பார்க்கத் தகுந்தது ரவுல் ஜூலியாவின் நடிப்பு. புற்றுநோயால் இளைத்திருந்த அந்த மகா நடிகர், தம் குழந்தைகள் விரும்பிய விளையாட்டு என்பதற்காகவே இந்த வேஷத்தை ஏற்றார் என்பார்கள். தன் தகப்பனாரைப் பைசன் கொன்ற நாளை ஒரு பெண் கண்ணீரும் கோபமுமாக நினைவுபடுத்துகையில், தனக்கு அது வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அவ்வளவே என்று அவன் சாவதானமாகப் பதில் சொல்லும் இடம், உன்னதமான நாடக மேடையில் உச்சரிக்கத் தகுந்த கொடூரம். படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 1994 அக்டோபர் 24-ஆம் தேதி, தம் 54-ஆம் வயதில் அவர் காலமானார். படத்தை அவருக்கே சமர்ப்பணம் செய்தார்கள்.

அந்தப் படம் ஏன் கெட்டது என்பதற்கான காரணமும் இந்தத் துயரத்தோடு சேர்ந்தே இருக்கிறது. ஆரம்பத்தில் டைரக்டர் போட்டிருந்த திட்டம், முதலில் ஜூலியாவின் வசனக் காட்சிகளை எடுப்பது, அந்த அவகாசத்தில் மற்ற நடிகர்களுக்கு பென்னி உர்கிடெஸ் என்ற தேர்ந்த மல்லரைக் கொண்டு சண்டை பழக்குவது என்பது. ஆனால் படப்பிடிப்புக்கு வந்துசேர்ந்த ஜூலியாவின் தேகநிலையைக் கண்டதும், அவர் கொஞ்சம் தேறட்டும் என்று அவர் காட்சிகளைக் கடைசிக்குத் தள்ளிவிட்டுச் சண்டைகளை முன்னுக்குக் கொண்டுவர நேர்ந்தது. பயிற்சிக்கென்று ஒதுக்கிய நாட்கள் பயிற்சியில்லாத சண்டைகளை எடுப்பதில் போயின. மனிதாபிமானத்தோடு செய்த காரியம்தான். அதைக் குறை சொல்ல யாருக்கும் மனம் வராது. ஆனால் திரை தயவு தாட்சணியம் அறியாதது. 3½ கோடி டாலர் செலவழித்த படம் சுமார் 9.9 கோடி டாலர் வசூலித்து முதலுக்கு மோசமில்லாமல் தப்பியதே தவிர, கேமை நேசித்தவர்கள் அதை மன்னிக்கவில்லை.

பயிற்சி என்று சொன்னேனே, அங்கேதான் என் அபிப்பிராயத்தின் உயிர்நாடி இருக்கிறது. சண்டை கேமை ஆடாதவர்கள் அதில் ஒரு கதை இருப்பதாகவும், அந்தக் கதைக்காகவே பிள்ளைகள் அதைக் கட்டிக்கொண்டு அழுவதாகவும் எண்ணுகிறார்கள். ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2’-இல் கதை என்பது உளுந்தளவு. அதில் உள்ளதெல்லாம் அப்பியாசம். கைக்கு ஒரு ஜாய்ஸ்டிக். அதன் அருகே ஆறு பொத்தான்கள், மூன்று குத்துக்கு, மூன்று உதைக்கு, ஒவ்வொன்றும் மென்மை, நடுத்தரம், பலம் என்ற வரிசையில். தால்சிம் நெருப்பை உமிழவேண்டுமானால், ஜாய்ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, அங்கிருந்து எதிரியின் பக்கமாகக் கால் வட்டம் உருட்டி, உருட்டி முடியும் கணத்திலேயே குத்துப் பொத்தானைத் தட்டவேண்டும். கணம் தப்பினால் நெருப்பு வராது. எதிரியின் உதைதான் வரும். கற்றுக்கொள்கிறவன் முதலில் இதை மனத்துக்குள் சொல்லிக்கொண்டு செய்கிறான். பிறகு சொல்லாமல் செய்கிறான். அப்புறம் செய்கிறோம் என்ற பிரக்ஞையே இல்லாமல் கை தானாகச் செய்கிறது. ஒரு அடி முடிவதற்குள் அடுத்த அடியைப் பின்னுகிற ‘காம்போ’ என்ற வித்தையைக்கூட ஆரம்பத்தில் யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை. நோரிட்டாக்கா ஃபுனாமிசு என்ற தயாரிப்பாளர் சோதித்துப் பார்க்கையில் தற்செயலாகக் கண்ணில் பட்டதை, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவைத்தார். இன்று உலகமெங்கும் நடக்கும் சண்டை கேம் போட்டிகளெல்லாம் அந்த விட்டுவைத்தலின் மீதுதான் நிற்கின்றன.

என் பள்ளிப் பருவத்தில், வளைகுடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர் தம் பிள்ளைகளுக்காகக் கொண்டுவந்த கேமில் நானும் இந்த அப்பியாசம் செய்தவன்தான். வரிசையில் எல்லாரும் ரியூ, கென் என்ற மல்லர்களை எடுத்துக்கொண்டு போனபின் எனக்கு மிஞ்சுகிறவர் தால்சிம். அவர் மெதுவாக நடப்பார். அடி வாங்கினால் தாங்கமாட்டார். ஆனால் தூரத்தை ஆளத் தெரிந்தவனிடம் அவர் பெரிய ஆயுதம். எதிரியை அருகே வரவிடாமல், கை எட்டும் எல்லையிலேயே நிறுத்தி வைத்து ஆடுவது அவர் தர்மம். முண்டியடிக்கிற சுபாவமுள்ள பையன்களுக்கு அவர் வசப்படவே மாட்டார். நான் கொஞ்சம் மந்த சுபாவம். எங்கள் இருவருக்கும் ஒத்துப்போயிற்று.

இனி, கிழக்கே கோட்டைக்கு வாருங்கள். பத்மநாபசுவாமி கோயிலிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் சி.வி.என். களரி இருக்கிறது. தலைச்சேரியில் கோட்டக்கல் கணாரன் குருக்களிடம் பயின்று, அழிந்துபோகும் தறுவாயில் இருந்த வடக்கன் களரியை இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஊர் ஊராகக் காட்டி உயிர்ப்பித்தவர் சி.வி. நாராயணன் நாயர். அவர் புதல்வர் கோவிந்தன்குட்டி நாயர் 1956-இல் இதை இங்கே நிறுவினார். கேரளமும் இந்தக் களரியும் ஒரே வயது. களரி என்பது பூமியைத் தோண்டித் தாழ்த்திய மண் தளம். நீளம் 42 அடி, அகலம் 21 அடி என்பது சம்பிரதாயம். கிழக்கே வாசல், தென்மேற்குக் கன்னி மூலையில் ஏழு படிகளுள்ள பூத்தறை என்னும் வழிபாட்டு மேடை. எண்ணெய் பூசிய உடம்பில் கச்சை இறுகக் கட்டிய பிள்ளைகள் வலது காலை முன்வைத்து இறங்கி, மண்ணைத் தொட்டு வணங்கி, நேர்க்கால், கோண்கால், வீதுகால், இருத்திக்கால் என்று காலெடுப்பிலிருந்து ஆரம்பிக்கிறார்கள்.

அங்கே நின்று நான் முதலில் கவனித்தது கால்களையல்ல, குரலை. குருக்கள் வாய்த்தாரி சொல்கிறார். உட்கார், வலம் திரும்பு, வெட்டு, விலகு, தாழ்ந்து எழு என்ற ரீதியில், மூச்சு விடாமல், ராகமுமில்லாமல் வசனமுமில்லாமல் ஓடுகிற அந்தக் கட்டளைச் சரத்துக்கு ஏற்பப் பிள்ளைகளின் தேகங்கள் சேர்ந்து அசைகின்றன. புதிதாகச் சேர்ந்தவன் சொல்லுக்குப் பின்னால் ஓடுகிறான். தேறியவனுக்குச் சொல்லும் அசைவும் ஒன்றாக நிகழ்கின்றன. பழுத்தவனுக்கு வாய்த்தாரியே வேண்டாம். உடம்பு முழுவதும் கண்ணாகிவிட வேண்டும் என்பது அங்கே லட்சியம். அமெரிக்க நாடகப் பேராசிரியர் பிலிப் சாரில்லி 1970-களில் இந்தக் களரிக்கு வந்து வருஷக்கணக்கில் பயின்று, அந்த லட்சியத்தையே தலைப்பாகக் கொண்டு 1998-இல் ஒரு நூல் எழுதினார். நான் அந்த மண் தளத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் என் கட்டைவிரல் தன்னிச்சையாகக் கால் வட்டம் உருட்டியது. கட்டளை, திருப்பித் திருப்பிச் செய்தல், அப்புறம் கட்டளையை மறத்தல்: அந்தப் பிள்ளைகள் முழு உடம்பால் செய்வதன் மிகச் சிறிய, மிக எளிய சாயலைத்தான் நாங்கள் கட்டைவிரலால் செய்துகொண்டிருந்தோம். இரண்டையும் சமமென்று சொல்லவில்லை. களரிக்காரர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

சினிமாவின் சங்கடம் இதுதான். கேமை ஆடுகிறவன் கட்டளையிடுகிறவன். தியேட்டரில் உட்கார்ந்திருப்பவன் வெறும் சாட்சி. அவன் கையிலிருந்த அப்பியாசத்தைப் பறித்துக்கொண்ட படக்காரர்கள், அதற்கு ஈடாக எதையாவது தந்தாகவேண்டும். கதையை ஈடாகத் தந்தவர்கள் பெரும்பாலும் தோற்றார்கள், கேமில் இல்லாத கதையை வலிந்து புனையவேண்டியிருந்ததால். கம்ப்யூட்டர் சித்திர ஜாலத்தைத் தந்தவர்களும் தோற்றார்கள். கேமிலேயே அது உண்டே! தரக்கூடிய ஈடு ஒன்றே ஒன்று: நாம் கட்டைவிரலால் செய்ததை நிஜ உடம்பால் செய்யவல்ல ஒருவரை, நிஜமாகச் செய்கிறார் என்று கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது. ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ கேமுக்குத் திரையில் கிடைத்த அருமையான சில நிமிஷங்கள் ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ படத்தில் இல்லை. 1993-இல் வந்த ‘சிட்டி ஹன்டர்’ என்ற ஹாங்காங் படத்தில் இருக்கின்றன. கேம் எந்திரத்தின் மின்சாரம் தாக்கிய ஜாக்கி சான், பெண் வேஷத்தில் சுன் லீயாகவே மாறி, அந்தப் பாத்திரத்தின் அடிகளையும் குதிப்பையும் அப்படியே செய்து காட்டுவார். கேலிதான், ஆனால் கேலி செய்கிற உடம்பு சிறு வயது முதல் சாதகம் செய்த உடம்பு.

மற்றப் படங்களைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1993-இல் ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ விழுந்தது. 1995-இல் ‘மார்ட்டல் காம்பாட்’ சண்டையை நம்பி ஜெயித்தது. ‘டோம்ப் ரெய்டர்’ ஏஞ்சலினா ஜோலியின் ஆகர்ஷணத்தில் ஓடிற்று. 2023-இல் மாரியோவே சித்திரப் படமாக மறுபிறவி எடுத்து 130 கோடி டாலருக்கு மேல் அள்ளியபோது, கேம் படம் என்றால் நஷ்டம் என்ற பழைய பேச்சு ஒழிந்தது. வசூல் வேறு விஷயம். நான் பேசிக்கொண்டிருப்பது உடம்பைப் பற்றி.

நம் தேசத்தில், அதிலும் கேரளத்தில், இப்படிப்பட்ட படத்துக்கு வேண்டிய சரக்கு வெளியிலிருந்து வரவேண்டிய அவசியமே இல்லை. சண்டை கேமின் இலக்கணம் என்ன? இருவர், ஒரு மேடை, ஒருவர் விழும்வரை போர். வடக்கன் பாட்டுகள் என்னும் மலையாள வீரக் கதைப்பாடல்கள் பாடுகிற அங்கம் என்ற வழக்கம் அச்சு அசலாக அதுவே. இரு பிரபுக்களுக்கிடையே தாவா ஏற்பட்டால், இருவரும் ஆளுக்கொரு சேகவரை, அதாவது வாள்வீரரை, அமர்த்தி, அங்கத்தட்டு என்ற மேடையில் ஏற்றி, உயிரைப் பணயம் வைத்துப் போரிடச் செய்து தீர்ப்பைக் காண்பார்கள். ஆரோமல் சேகவருக்கும் அரிங்ஙோடருக்கும் நடந்த அங்கமும், சந்து செய்ததாகப் பாட்டுச் சொல்கிற துரோகமும் மலையாளத்துப் பிள்ளைகளுக்குத் தாலாட்டோடு கிடைக்கும் கதைகள். உதயா ஸ்டூடியோவின் ‘உண்ணியார்ச்சா’ 1961-இலேயே வந்தது. 1978-இல் நவோதயா அப்பச்சன் எடுத்த ‘தச்சோளி அம்பு’வில் நம் சிவாஜி கணேசனும் வாளெடுத்தார். 1989-இல் எம்.டி. வாசுதேவன் நாயர் எழுதி ஹரிஹரன் டைரக்ட் செய்த ‘ஒரு வடக்கன் வீரகாதா’வோ, துரோகி என்று பாட்டு தூற்றிய சந்துவின் பக்கத்திலிருந்து முழுக் கதையையும் திருப்பிப் போட்டது. சந்துவாக வந்த மம்மூட்டியின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அந்தப் போரைக் கண்டவர்கள், அடி எங்கே விழுகிறது என்பதோடு ஏன் விழுகிறது என்பதையும் அறிந்தார்கள்.

நீளும் கை விஷயத்துக்கு வருகிறேன். 1976-இல் வந்த ‘மாஸ்டர் ஆஃப் தி ஃபிளையிங் கில்லட்டின்’ என்ற குங்ஃபூ படத்தில் கை நீளும் இந்திய யோகி ஒருவர் உண்டு. தால்சிமின் மூலப் பிரதி அவர்தான் என்று கேம் ரசிகர்கள் சொல்வார்கள். ஆனால் கேரளத்தில் எந்தக் காலத்திலாவது ஒரு மனிதனின் கை மேடையின் குறுக்கே நீண்டதென்றால், அது உறுமியின் ரூபத்தில் நீண்டது. தமிழில் சுருள் வாள் என்கிறோம். இடுப்பில் கச்சை மாதிரி சுற்றிக்கொள்ளலாம். உருவி வீசினால் பல அடி தூரத்துக்குக் காற்றைக் கிழித்துக்கொண்டு வளைந்து நெளிந்து போய்த் திரும்பும். கவனம் பிசகினால் வீசியவனையே வெட்டும். அதனால் மற்ற ஆயுதங்களெல்லாம் கைவந்த பிறகே அதைக் கையில் கொடுப்பார்கள். எதிரியை எல்லையில் நிறுத்தி வைத்து ஆடுகிற என் பழைய தால்சிமின் தர்மம் முழுவதும் அந்த ஒரு ஆயுதத்தில் இருக்கிறது. உடம்பை வளைக்கிற வித்தைக்கும் இங்கே குறைவில்லை: இந்திய சர்க்கஸின் பிதா என்று போற்றப்படும் கீலேரி குஞ்ஞிக்கண்ணன், களரி தழைத்த அதே தலைச்சேரியில்தான் சர்க்கஸ் பள்ளி நடத்தினார்.

தெற்கத்தி முறையையும் விட்டுவிடக் கூடாது. திருவனந்தபுரத்துக்குத் தெற்கே, பழைய தென் திருவிதாங்கூரில், இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில், அகஸ்தியரை ஆதி குருவாகக் கொண்டு ஆசான்மார் வழிவழியாகக் கற்பித்துவரும் அடிமுறையும் வர்மமும் நம் தமிழ்ச் சொத்து. சுசுருதர் 107 மர்மங்களைச் சொன்னார். தமிழ் வர்ம நூல்களின் கணக்கு 108. தட்டி வீழ்த்துகிறவனே தடவி எழுப்பவும் தெரிந்திருக்கவேண்டும் என்பது அங்கே நியதி, ஆசான் வைத்தியரும்கூட. 1996-இல் ‘இந்தியன்’ படத்துச் சேனாபதி இரண்டு விரலால் ஆளைச் சாய்த்தபோது தமிழ்நாடு முழுவதும் கைதட்டியது. சேனாபதி எழுப்புகிற வைத்தியத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. தால்சிமோ கேமின் கதைப்படி இளகிய மனம் படைத்தவர், மனைவி மக்களோடு வாழ்கிறவர், வேறு வழியின்றி அடிக்கிறவர். அப்படிப்பட்டவருக்கு வாயிலிருந்து வரும் நெருப்பைக் காட்டிலும், அடித்த இடத்தை உடனே தடவிவிடுகிற ஒரு ஆசானின் கை எவ்வளவு பொருத்தமாயிருக்கும்! யோகத்தைப் பொறுத்தவரை, இந்த நகரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் நெய்யாறு அணைக்கட்டை ஒட்டி, சுவாமி விஷ்ணுதேவானந்தர் நிறுவிய சிவானந்த ஆசிரமத்தில் பல தேசத்தாரும் வந்து மூச்சைக் கட்டுப்படுத்தப் பழகுகிறார்கள். அங்கே எவரும் நெருப்பைக் கக்குவதாகத் தகவல் இல்லை.

புதிய படத்தில் மல்யுத்த மேடையில் வாழ்ந்த கோடி ரோட்ஸும் ரோமன் ரெயின்ஸும் இருக்கிறார்கள். ரியூவாக வரும் ஆண்ட்ரூ கோஜி சண்டைக் கலை பயின்றவர். நம் ஜம்வால் இருக்கிறார். ஆள் தேர்வில் இந்தத் தடவை ஔசித்தியம் இருக்கிறது. இனி டைரக்டர் செய்யவேண்டியது, இந்த உடம்புகளை நம்புவது. கை நீளவேண்டும்தான், அது இல்லாமல் தால்சிம் இல்லை. நீட்டுங்கள், கம்ப்யூட்டரில்தான் நீட்டவேண்டும். ஆனால் நீள்வதற்கு முன்னால் அந்த மனிதர் தாழ்ந்து அமர்ந்து எழுகிற ஒரு அசைவை, நடுவில் வெட்டாமல், முழு உருவமும் தெரியும்படி, நாலு விநாடி காட்டுங்கள். மூன்று வயதிலிருந்து மண்ணில் கற்றது அந்த நாலு விநாடியில் தெரிந்துவிடும். அதைச் செய்யாமல் கணத்துக்கு ஒரு ஷாட்டாக நறுக்கிப் புகைமூட்டத்தில் ஒளித்துவைப்பதானால், ஜம்வாலை அழைத்திருக்கவே வேண்டாம். ரோஷன் சேத்தின் வெள்ளை அங்கியே போதும்.

என் அண்ணன் மகனுக்கு இந்த வாதத்தில் பாதிதான் சம்மதம். “நெருப்பு வராம தால்சிம் எதுக்கு சித்தப்பா?” என்கிறான். அவனோடு முதல் நாள் முதல் காட்சிக்குப் போவதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன்.

நீங்களும் பாருங்கள். அதற்கு முன் திருவனந்தபுரத்துக்கு வரும் சந்தர்ப்பம் வாய்த்தால், பத்மநாபசுவாமியை விடியற்காலையில் தரிசித்துவிட்டு, கோயிலுக்காகக் கட்டிய வேட்டியை மாற்றாமல் அப்படியே களரிக்கு நடந்து வாருங்கள். காலையில் பயிற்சி நடக்கும். பார்வையாளர்களை மேலிருந்து பார்க்க அனுமதிப்பார்கள். கைபேசியில் படம் பிடிப்பதானால் முதலில் குருக்களிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.